பத்து–பன்னிரண்டு

பகல் முழுக்க இது கராஜ்.
ஆறரைக்கு ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டால்
பிறகும் கராஜ்தான்.
ஒயில் மணம் எங்கே போகும்?
கழற்றின பஜாஜைச் சுவரோடு தள்ளி
அந்த இடத்தில் ட்ரம்ஸ்.
டயரை அடுக்கினால் எதிரொலி குறையும் எண்டு
கஜரூபன் எங்கேயோ படித்தான்.
குறையவில்லை.
நுளம்புதான் கூடினது.

பெயர் பத்து–பன்னிரண்டு.
என்ர கையில் எப்போதும் கிடக்கிற ஸ்பானரின் இலக்கம்.
கல்யாணக்காரர் கேட்பினம்:
"பத்துப் பன்னிரண்டு பேரோ வருவியள்?"
நாலு எண்டால் காசைக் குறைப்பினம்.

தர்மினிக்கு லீசிங் கம்பனியில் வேலை.
தவணை கட்டாத ஓட்டோக்காரரோடு
எட்டரையிலிருந்து நாலரை மட்டும் போனில் கதைத்து
தொண்டைக்குள் ஒரு அரம் வளர்ந்துவிட்டது.
அதாலதான் பாடுகிறாள்.
சுன்னாகத்தில் ஒருநாள், முன்வரிசையில்,
அவள் காலமை வெருட்டின ஆளே நிண்டு கைதட்டினான்.
குரலைப் பிடித்தானோ தெரியாது.
அடுத்த மாதம் கட்டிவிட்டான்.

ரெமீசியஸ் குருநகர்.
கடலால் வந்து, உப்புக் காயாத கையோடு குந்துவான்.
அவன்ர அடி எப்போதும் ஒரு மயிரிழை முந்தும்.
பொறடா எண்டு கத்துவம்.
"எஞ்சின் ஸ்டார்ட் வந்த பிறகு
ஆரடா பொறுக்கிறது?"

எங்கட சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேணும்.
நல்ல சத்தம் இல்லை.
ஆம்ப் கொழும்பில் ஆரோ கைவிட்டது,
உள்ளுக்குப் பாதி நான் ஈயம் வைத்து ஒட்டினது.
கிற்றார் அதுக்குள்ளால் வரேக்க
சைலன்ஸர் ஓட்டையான எம்டி தொண்ணூறு ஒண்டு
ஒழுங்கைக்குள்ளால் ஏறி வாற மாதிரி இருக்கும்.
பகலில் அந்த ஓட்டையை அடைக்கத்தான் எனக்குக் காசு.
இரவில் அதே ஓட்டையைத் தேடி அலைகிறம்.

ஒன்பது வருசம். கணக்குக் கொப்பி என்னட்ட.
சாவகச்சேரியில் சாமத்தியவீடு: சாப்பாடு மட்டும்.
சிமெந்துக் கடைத் திறப்பு: நாலாயிரமும் ஒரு குடையும்.
முற்றவெளியில் ஒரே ஒருக்கா,
ஆறாவது குழு, பதினொரு நிமிசம்,
ரண்டாவது பாட்டில் மைக் செத்தது.
வவுனியாவுக்குப் போற வழியில், ஆனையிறவில்
சாமான் எல்லாம் இறக்கச் சொன்னாங்கள்.
சிப்பாய்க்கு எங்கட வயசு.
பெரிய ட்ரம்முக்குள் ரோர்ச் அடித்துப் பார்த்தான்.
பிறகு குச்சியைக் கேட்டு வாங்கி
ஸ்னேயரில் ஒரு ரோல் விட்டான்.
சுத்தமான ரோல்.
கிளிநொச்சி வரும் மட்டும்
ரெமீசியஸ் வாய் திறக்கவில்லை.

பக்கத்து வளவில் புவனலோஜினி ரீச்சர்
ஏழேகாலுக்குத் தண்ணி மோட்டர் போடுவா.
போட்ட உடன கரண்ட் விழும்,
பல்பு மஞ்சளாகும்,
கிற்றார் சேத்துக்குள் கால் வைத்த மாதிரிப் புதையும்.
ஒரு வருசம் திட்டினம்.
பிறகு தர்மினி அந்தப் புதைவுக்கெண்டே வரி எழுதினாள்:
தாங்கி நிரம்பும் மட்டும் நில்.
அவ்வளவுதான். நாலு தரம்.

மேடையில் அந்த இடம் ஒருநாளும் சரிவரவில்லை.
ஹோல்களில் நல்ல கரண்ட்.

போன வைகாசி ஒழுங்கை முடக்கில்
புது ட்ரான்ஸ்போமர் வைத்தாங்கள்.
ஏழேகால். மோட்டர் இரைந்தது.
பல்பு வெள்ளையாய் நிண்டது.
நாலு பேரும் ஆளை ஆள் பார்த்தபடி வாசித்து முடித்தம்.
வேலிக்கு அங்கால இருந்து ரீச்சர்:
"அந்தப் பாட்டு இண்டைக்குப் பிழைச்சுப் போச்சே, தம்பியவை?"

இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டோ இருந்தவ!

மறுமொழி ஒருத்தரும் சொல்லவில்லை.
திரும்ப எண்ணினான் ரெமீசியஸ், வழமைபோல அவசரமாய்.
அந்த இடம் வர, பேஸைக் கையில் பிடித்தபடி
காற்றடிக்கிற கொம்ப்ரஸரின் சுவிச்சைக்
காலால் தட்டினேன்.

பல்பு சோர்ந்தது.
கிற்றார் புதைந்தது.
கொம்ப்ரஸர் தன்ர பாட்டுக்குத் தடதடத்தது,
தாளத்துக்கு வெளியில்,
தர்மினி அதுக்கும் மேலால் கத்தினாள்.
வேலிக்கு அங்கால மோட்டர் நிண்டது.
தாங்கி நிரம்பியிருக்காது, எனக்குத் தெரியும்.

இன்னொருக்கா எண்டான் கஜரூபன்.
ஒன்பதரை.
அந்த பஜாஜை விடிய எட்டுக்குக் குடுக்க வேணும்,
ஹெட் இன்னும் பூட்டவில்லை.